யார் போட்ட மெட்டு, யார் எழுதின பாட்டு?

யூடியூபில் அந்தப் பாட்டின் தலைப்பை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதலில் 'தீ' என்ற பெயர். அடுத்து 'ஃபீட்' என்ற சுருக்கம், அதற்குப் பிறகுதான் 'அறிவு'. பிறகு பாட்டின் பெயர், 'என்ஜாயி எஞ்சாமி'. கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'ப்ராட்' என்று போட்டு சந்தோஷ் நாராயணன். மெட்டு யாருடையது என்று தலைப்பு சொல்லவில்லை. வரி யாருடையது என்றும் சொல்லவில்லை. 2021 மார்ச் 7ஆம் தேதி வெளிவந்து, 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்ட தமிழ்ப் பாட்டு அது. ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, அதை உருவாக்கினவர்களே ஆளுக்கொரு அறிக்கை விட்டு இது யார் செய்தது என்று பொதுவில் பேச வேண்டி வந்தது.

அந்த வாரம் இங்கே ஜொகூரில் என் வாட்சப் குழுக்களில் பாதிப் பேர் அறிவு பக்கம் நின்றார்கள், பாதிப் பேர் "தீ என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. எனக்கு அந்தச் சண்டைக்கு அடியில் கிடக்கிற கேள்விதான் முக்கியம். ஒரு பாட்டை இரண்டு பேர் சேர்ந்து எழுதுவது என்றால் தமிழில் அதற்கு என்ன பெயர்? நமக்கு அப்படி ஒரு சொல்லே இல்லையே, அது ஏன்?

நம்மிடம் இருப்பது இரண்டு நாற்காலி. ஒன்றில் இசையமைப்பாளர், இன்னொன்றில் பாடலாசிரியர். முன்னவர் மெட்டுப் போடுவார், தத்தகாரம் பாடிக் கொடுப்பார். பின்னவர் அந்தச் சந்தத்துக்குள் சொல்லை உட்கார வைப்பார். சில சமயம் வரி முதலில் வரும், மெட்டு பிறகு வரும். அப்போதும் நாற்காலி இரண்டுதான். இந்த ஏற்பாட்டில் மகத்தான பாட்டெல்லாம் வந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இது சினிமா கம்பெனி வேலைக்குப் பிரித்துக்கொண்ட முறை. பாட்டு பிறக்க வேறு வழியே இல்லை என்பதுபோல நாம் பழகிவிட்டோம். சட்டமும் அப்படித்தான் பழகியிருக்கிறது. 1957ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டின் வரி இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது சரக்கு. 2012இல் திருத்தம் கொண்டுவந்து எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியைக் கொஞ்சம் பாதுகாத்தார்கள். நடுவில் இருக்கிற சுவரை இடிக்கவில்லை.

லிவர்பூலில் லெனனும் மெக்கார்ட்னியும் பையன்களாக இருந்தபோதே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். யார் எழுதினாலும் இரண்டு பேர் பெயரும் வரும். அதனால் ஒரே ஆள் தனியாக உட்கார்ந்து எழுதின பாட்டுக்கும் இருவர் பெயர் இருக்கிறது. அதிலும் பின்னால் மனக்கசப்பு வந்தது, யார் பெயர் முதலில் என்று. என்றாலும் வரியையும் மெட்டையும் அவர்கள் தனித்தனிச் சரக்காகப் பார்க்கவில்லை. கித்தாரோடு உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிற யாருக்கும் இது தெரியும். சொல் வாயில் வரும்போதே கொஞ்சம் மெட்டோடுதான் வருகிறது.

ராப்பில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். ராப் பாடுகிறவரின் தாளம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எந்த அசையை நீட்டுவது, எந்த ஒற்றில் இடிப்பது, மூச்சு எங்கே வாங்குவது, எல்லாம் எழுதும்போதே முடிவாகிவிடும். அப்போது அது வரியா, இசையா? ஒப்பாரியும் அப்படித்தான். ஒப்பாரி வைக்கிற பாட்டிக்கு யாரும் ட்யூன் அனுப்புவதில்லை. கானாவும் அப்படியே. நம் இரண்டு நாற்காலியில் எதிலும் உட்கார முடியாத இந்த மூன்றையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது ஒரு சென்னை பேண்ட். அதனால்தான் இந்தக் கட்டுரை 'என்ஜாயி எஞ்சாமி'யோடு நிற்காமல் பின்னால் போகிறது.

அதற்கு முன் நம்ம ஊரைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் மலேசியாவில் இருந்துகொண்டு சென்னைக்குச் சாமரம் வீசுகிறான் என்பீர்கள். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற பெயரில் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டது 2006இல். தமிழ் ராப் என்று ஒன்று தனியாக நிற்கும் என்று காட்டினது மலேசியாதான், சென்னை இல்லை. ஆனால் அந்தத் தொகுப்பிலிருந்து தமிழ்நாடு முழுக்கப் பரவின பாட்டு எது? 'மடை திறந்து'. 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டின் மேல் கட்டினது. அடுத்த வருஷமே யோகி பி 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' பழைய பாட்டின் ரீமிக்ஸுக்குள் வந்துவிட்டார். நம்மாளு போய் நின்றது பெருமைதான். ஆனால் பாருங்கள், கதவு சினிமாக் கதவு. உள்ளே போனதும் மறுபடி அதே நாற்காலிகள். ராப்பருக்கு ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சென்னையில் சினிமாவுக்கு வெளியே கித்தார் வைத்துக்கொண்டு தமிழில் எழுதின சிறு கூட்டம் ஒன்று இருந்தது. கபேர் வாசுகி அதில் முக்கியமான ஆள். 'அழகு புரட்சி', 'வசனம்' என்று இணையத்தில் தேடிக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவர் பேச்சுத் தமிழைத் துளியும் அலங்கரிக்காமல் பாடினவர். அவரும் டென்மாவும் சேர்ந்த பேண்டின் பெயர் 'குரங்கன்'. ஒருவர் எழுதிப் பாடுகிறவர், இன்னொருவர் ஒலியைக் கட்டுகிறவர். தமிழ் ராக் என்று நான் முதலில் நம்பிக் கேட்டது இவர்களைத்தான். அதற்கு முன் கேட்ட பலதும் ஆங்கில ராக் பாட்டுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டினது போல இருக்கும். 'குரங்கன்' பாட்டுகளில் தமிழ் வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கே கித்தாரும் முடியும். சின்ன விஷயம்தான். ஆனால் இந்தக் காது இருந்ததால்தான் டென்மாவால் அடுத்த வேலையைச் செய்ய முடிந்தது.

அடுத்த வேலை தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017இல் ஆரம்பித்தது. நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்களைக் கேட்டு 19 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் அயோத்திதாச பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினவர் 110 வருஷம் கழித்து ஒரு பேண்டுக்குப் பெயர் கொடுத்தார். முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில், இலவசமாக. தேதியைக் கவனியுங்கள், மார்கழி இன்னும் முடியவில்லை. மயிலாப்பூர் சபாக்களில் சீசன் நடந்துகொண்டிருக்கும்போது, நகரத்தின் இன்னொரு பக்கத்தில் கோட் சூட் போட்ட 19 பேர் பறையும் சட்டியும் கட்டமோளமும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள், கூடவே ட்ரம்ஸ், எலெக்ட்ரிக் கித்தார். சூட் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. 19 பேரில் பெண் ஒரே ஒருவர், இசைவாணி. கானா பாடுகிற பெண் என்பதே அப்போது பலருக்குப் புதுசு. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 'ஐயாம் சாரி ஐயப்பா' பாட்டுக்காக 2024 நவம்பரில் அவர்மேல் புகார்கள் கிளம்பின, அந்தப் பாட்டு வெளிவந்து ஆறு வருஷம் ஆன பிறகு. பாட்டுக்கு ஆயுசு அதிகம், கோபத்துக்கும்.

ஒலியைப் பற்றிப் பேசாமல் இந்த பேண்டின் அரசியலை மட்டும் பேசுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள். கானாவும் சாவு மேளமும் பெரும்பாலும் ஆறெட்டில் உருளுகிற தாளம். ராக் ட்ரம்ஸ் நாலுநாலில் இரண்டாவது, நாலாவது அடியில் இடிக்கும். இரண்டையும் சும்மா ஒன்றின்மேல் ஒன்று போட்டால் கல்யாண வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் செட் ஓடுகிற மாதிரி இருக்கும். டென்மா கண்ட வழி, ட்ரம்ஸை கானாவுக்கு வேலைக்காரனாக்கியது. சட்டிதான் வழி காட்டும், ட்ரம்ஸ் அதற்கு அடியில் தரை போடும். கித்தார் பெரும்பாலும் ஒரே ரிஃபை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இது எளிமையாகத் தெரியலாம். ஆனால் கித்தார் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும் என்று வாசிக்கிறவர்களைக் கேளுங்கள்.

பறை எந்த வீட்டு வாசலில், எந்தக் காரியத்துக்கு, யார் கையால் அடிக்கப்பட்டது என்பது இந்தத் தாளத்துக்குள் இருக்கிறது. அதை மேடையில் நடுவில் வைத்து, மைக் கொடுத்து, கித்தாரைப் பின்னால் நிறுத்துவது ஒரு இசை முடிவு. அரசியல் முடிவும் அதேதான். 'இங்கெல்லாம் ஜாதி கிடையாது' என்று மலேசியாவில் நாம் சொல்லிக்கொள்வோம், பெண் பார்க்கப் போகிற நாள் வரைக்கும். அந்த நாளில் தரகர் கேட்கிற முதல் கேள்வியை நினைத்துக்கொண்டு இந்தப் பாட்டுகளைக் கேட்டால் கீழ்ப்பாக்கம் தூரமாக இல்லை.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் இல்லை. 'கோட்டா' பாட்டு இடஒதுக்கீட்டை விளக்குகிறது. விளக்குகிறது என்பதுதான் அதன் பிரச்சினை. நல்ல துண்டறிக்கையை ராகத்தோடு படித்த மாதிரி இருக்கும். வாதம் சரி, ஆனால் வாதம் முடிந்ததும் பாட்டில் மிச்சம் எதுவும் இல்லை. வட சென்னையைப் பற்றிய பாட்டும், மாட்டுக்கறிப் பாட்டும் அப்படி இல்லை. அதில் தின்கிற சந்தோஷம் இருக்கிறது, தெருவின் பெருமை இருக்கிறது. உரிமையைக் கேட்பதைவிட அனுபவிப்பதைப் பாடும்போது இவர்கள் ரொம்பப் பெரிய பேண்ட். இன்னொன்று, பதிவில் கேட்பதைவிட நேரலை வீடியோவில் இவர்கள் பல மடங்கு மேல். பதிவில் குரல்களை ஓரளவு சமப்படுத்திவிடுகிறார்கள். மேடையில் ஒரு குரல் இன்னொன்றை முந்தும், சண்டை போடும், சிரிக்கும்.

இந்த 19 பேருக்குள்தான் அறிவு வந்து சேர்கிறார். அரக்கோணத்துக்காரர், பொறியியல் படித்தவர் (இந்த வரியை எழுதும்போது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்). அவரும் டென்மாவும் சேர்ந்த சேர்க்கையைத்தான் நான் கூட்டு எழுத்து என்கிறேன். கானா பாடகர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பாட்டோடு வந்தவர்கள், அவர்களுக்கு மெட்டு போட்டுத் தர வேண்டியதில்லை. அறிவு வந்தது கவிதையோடு. அவருடைய வரிகளில் ஒரு விசித்திரம் உண்டு. ஆங்கில ராப் வாக்கியத்தின் கடைசியில் ஒலி பொருந்துவதை வைத்து ஓடுகிறது, நம் யாப்பில் அதற்கு இயைபு என்று பெயர். தமிழின் பழைய பலம் முன்னால் இருக்கிறது, மோனையும் எதுகையும். தமிழில் ராப் எழுதுகிற பலர் முன்னதை மறந்துவிட்டு வால் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அறிவு இரண்டு பக்கமும் கட்டுகிறார். அதனால் அவருடைய அடி தாளத்தில் விழுவதற்கு முன்பே சொல்லில் விழுந்துவிடுகிறது. பின்னணி இசையை அணைத்துவிட்டு அவர் பாடுவதைக் கேட்டாலும் கால் ஆடும். இலக்கணம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு எஸ்பிஎம்மில் படித்த எதுகை மோனையை இவர்தான் திருப்பிக் கொடுத்தார்.

2019இல் அறிவு, ஆஃப்ரோ என்ற இசைத் தயாரிப்பாளரோடு இரண்டு பேராகச் சேர்ந்து 'தெருக்குரல்' வெளியிட்டார். பெயரில் இருக்கிற விளையாட்டு இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதில் 'ஆன்டி இண்டியன்' பாட்டு, எதிர்த்துப் பேசினவன் மேல் ஒட்டுகிற பட்டத்தையே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்ட நாட்களில் 'சண்ட செய்வோம்' வந்தது. 19 பேரின் நெரிசலுக்குப் பிறகு இந்த இருவர் பதிவுகளில் இடம் அதிகம். குரலுக்கும் தாளத்துக்கும் நடுவில் காற்று இருக்கிறது. கூட்டத்தின் குரலாக இருந்தவர் தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து பார்க்கிறார். பிறகு 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' வந்தது, அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஜிம்மில் நல்லா இருக்கும்.

இப்போது 'என்ஜாயி எஞ்சாமி'க்கு வரலாம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் கேக் வெட்டினதும் போடுகிற பாட்டு. டிஜே கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவோம். இந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று மண்டபத்தில் நின்று கேட்டால் பாதிப் பேர் 'இயற்கை' என்பார்கள். அது அறிவின் பாட்டி வள்ளியம்மாளைப் பற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த மனுஷி. வீடியோவில் அரசி மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

அந்தத் திரும்புதலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம். மனிதர்களை எண்ணி, பிரித்து, மிச்சத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த எண்ணுக்குள் இருந்த குடும்பங்களில் ஒன்றிலிருந்து வருகிறது இந்தப் பாட்டு.

ஜொகூரில் வளர்ந்தவர்களுக்கு இதில் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ், சாஆ என்று நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் அங்கே யாராவது ஒருவரின் பாட்டி பால்மரம் வெட்டியிருப்பார். விடியுமுன் பெரட்டு, லயத்து வீடு, கங்காணி, கிராணி, துரை. என் பாட்டியும் அப்படித்தான். தோட்டம் செம்பனைக்கு மாறி, அப்புறம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது அவருக்குக் கிடைத்தது தாமானில் ஒரு வாடகை வீட்டின் பின் அறை. இங்கேயும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளினவர்கள் இருந்தார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் இறுகினபோது பல குடும்பங்கள் கப்பல் ஏறிப் போயின. அவர்கள் போய் இறங்கின ஊர்களில் பாட்டு இருந்திருக்கும். எழுதி வைத்த அறிவு இல்லை, அவ்வளவுதான்.

பாட்டைத் திரும்பக் கேளுங்கள். ஏரியும் குளமும் மனிதனுக்கு மட்டும் இல்லை, விலங்குக்கும் பங்கு உண்டு என்கிறது. மரம் நட்டு வளர்த்தவருக்குத் தண்ணீர் எட்டாமல் போனதைச் சொல்கிறது. இவ்வளவு துக்கத்தையும் ஆட வைக்கிற தாளத்தில் வைத்திருப்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சாவுக்குக் கூத்து அடித்து ஆடிக்கொண்டே அனுப்பி வைக்கிறவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். துக்கத்தை உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்பது வேறு யாரோ வைத்த சட்டம். தலைப்பில் இருக்கிற 'சாமி' நிலக்காரனைக் கூப்பிடுகிற அதே சாமி. ஒப்பாரியில் செத்துப் போன தகப்பனைக் கூப்பிடுவதும் அதே சொல்தான். இரண்டு சாமியையும் ஒரே மூச்சில் வைத்து, அதற்கு முன்னால் அனுபவி என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டளை. நிலம் இல்லாதவனிடம் அனுபவி என்று சொன்னால் அது வாழ்த்தா, கேலியா? இந்த இடத்தில் தீயின் குரலைப் பாராட்ட வேண்டும். அவர் அதை வாழ்த்தாகவும் பாடவில்லை, கேலியாகவும் பாடவில்லை. கொஞ்சம் சோம்பலாக, தொலைவிலிருந்து வருகிற மாதிரி பாடுகிறார். அந்தத் தொலைவு இல்லாவிட்டால் அறிவின் பகுதி இவ்வளவு சூடாக விழாது. சந்தோஷ் நாராயணன் இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்கிற இடைவெளிகள், திடீரென்று மொத்த இசையும் அடங்குகிற இடங்கள், இவை இல்லாமல் இது ஒரு நல்ல மேடைப் பாட்டாக நின்றிருக்கும். மூன்று பேரின் வேலையும் காதில் விழுகிறது.

காதில் விழுந்தது கண்ணில் படவில்லை, சிக்கல் அங்கே. 2021இல் டிஜே ஸ்னேக் ரீமிக்ஸுக்காக நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வந்த விளம்பரப் படத்தில் அறிவு இல்லை. அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. அட்டையே 'என்ஜாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' பாட்டுகளைச் சொல்லித்தான் வந்தது, இரண்டுக்கும் வரி எழுதினவர் அறிவு. பா. ரஞ்சித் பொதுவில் எழுதின பிறகுதான் பத்திரிகை அறிவுக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை போட்டது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடக்குழி மாரியம்மாளும் பாடினார்கள், அறிவு மேடையில் இல்லை. சில நாளில் அறிவு அறிக்கை விட்டார். பாட்டை எழுதினது, இசையமைத்தது, பாடினது எல்லாம் தானே என்றும், யாரும் தனக்கு மெட்டோ ஒரு சொல்லோ கொடுக்கவில்லை என்றும். சந்தோஷ் நாராயணன் பதிலுக்கு மெட்டு தீயும் தானும் போட்டது என்றார், யோசனையில் இயக்குநர் மணிகண்டனின் பங்கைச் சொன்னார், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். 2024இல் அவரே, மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு காசும் வரவில்லை என்று வெளியிட்ட நிறுவனத்தைக் குறை சொன்னார். சமமாகப் பிரிக்க எதுவும் வரவில்லை என்பது இந்தக் கதையின் கசப்பான நகைச்சுவை.

இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இருவரும் 'இசை' என்ற சொல்லை வேறு வேறு பொருளில் சொல்வது புரியும். ஒருவருக்கு அது ஒலிகளின் கட்டுமானம். இன்னொருவருக்கு அது வாயிலிருந்து சொல்லோடு சேர்ந்து பிறந்தது. இரண்டு நாற்காலி வைத்திருக்கிற மொழியில் இருவரும் ஒரே நாற்காலியில்தான் போய் இடிக்க முடியும். கூட்டாக எழுதினோம் என்று சொல்ல ஒரு வழக்கம் முதல் நாளே இருந்திருந்தால், யார் எந்த அசையைக் கொண்டுவந்தார் என்று பின்னால் நிரூபிக்கத் தேவை வந்திருக்காது.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு டிராயிங்கிலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் உண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். ஒரு முறை, எந்த கம்பெனி என்று வேண்டாம், நான் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த குழாய்ப் பாதை வாடிக்கையாளரிடம் போனபோது முதல் கட்டத்தில் வேறு ஒருவர் பெயர் இருந்தது. கேட்டதற்கு "டீம் வேலைதானே தம்பி" என்றார்கள். டீம் வேலை என்பதை யார் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். கட்டத்தில் பெயர் இருக்கிறவர்தான் எப்போதும் அதைச் சொல்வார். அறிவின் அறிக்கையைப் படித்து "ஏன் இவ்வளவு ஈகோ" என்று கேட்ட நண்பர்களுக்கு நான் சொன்னது இதைத்தான். பாட்டி பெயரே கட்டத்தில் ஏறாத குடும்பத்திலிருந்து வருகிறவன் தன் பெயரைத் தேடிப் பார்ப்பது ஈகோ இல்லை.

ஆனால் இதில் அறிவுக்கும் ஒரு கடினமான கேள்வி உண்டு, அவருடைய ரசிகர்கள் அதைக் கேட்பதில்லை. வள்ளியம்மாள் சொன்னதை வைத்து அறிவு எழுதினார் என்றால், வள்ளியம்மாள் யார்? கதை கொடுத்தவரா, கூட எழுதினவரா? ஒப்பாரியின் அடியும் விளியும் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தது. நம் தோட்டங்களில் பாடப்பட்ட பாட்டுகளைச் சேகரித்து அச்சில் பார்க்கும்போதும் இதே உறுத்தல்தான் எனக்கு. சேகரித்தவர் பெயர் அட்டையில், பாடினவர் 'ஒரு மூதாட்டி'.

அறிவு இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை என்று நான் நினைக்கக் காரணம், 2024இல் அவர் தன் அம்பாசா பேண்டோடு வெளியிட்ட தொகுப்பு. பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. கலைஞர் தன் பெயரை எழுத வேண்டிய இடத்தில் உறவை எழுதியிருக்கிறார். அதில் கித்தார், ட்ரம்ஸ், பறை எல்லாம் மறுபடி ஒரே அறையில் கேட்கிறது. சினிமாத் தயாரிப்பின் பளபளப்பு குறைவு. சில பாட்டுகள் நீளம். சில இடத்தில் கோபம் முன்பே முடிவு செய்த வழியில் ஓடுகிறது. நடுவில் உள்ள பாட்டுகளில் ஒரு கூட்டம் பின்னால் சேர்ந்து பாடும்போது காஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் வருஷம் ஞாபகம் வருகிறது.

டென்மா இதற்கிடையில் ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கு 2022இல் இசையமைத்தார், அறிவும் அதில் பாட்டு எழுதினார். இருவருக்கும் டைட்டிலில் அவரவர் நாற்காலி. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கின 'மார்கழியில் மக்களிசை' மேடையில் மட்டும் அந்த நாற்காலிகள் இல்லை. வந்து நிற்கிறவர் தன் ஊரைச் சொல்கிறார், யாரிடம் கற்றார் என்று சொல்கிறார், பாடுகிறார். அந்த வீடியோக்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் நடுவில் ஒப்பாரி பாடுகிற அம்மாக்கள் வருவார்கள். கேட்டுப் பாருங்கள், முதலில் ஒருவர் ஆரம்பிப்பார். மூச்சு முட்டுகிற இடத்தில் பக்கத்தில் இருக்கிறவர் வரியைப் பிடித்துக்கொள்வார். முதல் ஆள் அதற்குள் அடுத்த வரியைக் கட்டியிருப்பார்.